கறை படியாத துணி தேடி

குரும்பலூர்

அக்கா வீட்டுக் கூடத்தில் சோபா இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பூப்போட்ட பெட்ஷீட் ஒன்று, அதன்மேல் மாமாவின் பழைய வேட்டி, தலை சாயும் இடத்தில் ஈரிழைத் துண்டு என்று மூன்று அடுக்காகப் போர்த்தி வைத்திருந்தாள். "ஜுரமா அதுக்கு?" என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது குரும்பலூர். பேர் பேரூராட்சி, நாலு தெருவைத் தாண்டினால் காடுதான். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. நான்கு வருஷத்துக்கு முன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டினார்கள். சிமெண்டுத் திண்ணை போய்க் கூடம் வந்தது. கூடம் வந்ததும் சோபா வந்தது. உட்காரும் இடமெல்லாம் சந்தன நிற வெல்வெட், கைப்பிடியில் தோல் மாதிரி ஒன்று. "கறையே படியாது" என்று சொல்லித்தான் விற்றார்களாம்.

அக்கா ஒவ்வொரு போர்வையாக விலக்கிக் காட்டினாள். நான்கு வருஷக் குடும்ப வரலாறு கீழே கிடந்தது. தலைமாட்டில் வட்டமாகக் கருத்த மினுக்கம்: மாமாவின் சனிக்கிழமை நல்லெண்ணெய். கைப்பிடியோரம் துருப்பிடித்தாற்போல் ஒரு தீற்றல்: அப்பாயியின் வெற்றிலை. நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பு. மாரியம்மன் திருவிழா மஞ்சள் நீராட்டில் தொப்பலாக நனைந்த முறைப்பையன் ஒருவன் ஓடிவந்து ஒளிந்த இடம் அது.

"மஞ்சத்தண்ணி எப்படிச் செவந்துச்சு?"

"சோப்புப் போட்டேன்டா. ஆலத்தி கரைச்ச மாதிரி ஆயிருச்சு."

அவள் சொன்னது ஒப்புமைக்காக மட்டுமில்லை. ஆலத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது சிவக்கிறதே, அதே காரியம்தான் சோபாவிலும் நடந்திருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். சோப்பும் காரம்தான்.

கைப்பிடியின் தோல் பாம்புச் சட்டையாக உரிந்துகொண்டிருந்தது. வியர்த்த கையை வைத்து எடுத்தால் கருப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

அப்பாயியைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காவைக் கட்டியது அத்தை மகன்தான். எங்களுக்கு அப்பாயியானவள் மாமாவுக்கு அம்மாயி. அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வெற்றிலைக் கறை பட்ட நாளிலிருந்து அவள் சோபாவில் உட்காருவதில்லை. "எனக்குப் பாயே போதும்" என்று சுவரோரம் போட்டுக்கொண்டாள். எழும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்து, முழங்காலில் கை ஊன்றி, இரண்டு தவணையாக எழுவாள். அக்கா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

சென்னையில் என் வீட்டு சோபா சாம்பல் நிறம். ஐந்து வருஷமாகிறது, ஒரு பொட்டுக் கறை இல்லை. இரண்டு பேர்; காலையில் போனால் இரவில் வருகிறோம். உட்கார ஆளில்லாத சோபாவில் கறைக்கு என்ன வேலை?

"கரூர்ல கிலோக் கணக்குல துணி விக்கிறாங்களாம் மாப்ள. போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றார் மாமா. வெங்காய வாசம் போகாத அவருடைய குட்டியானையில் கிளம்பினோம்.

பெரம்பலூர்

கரூருக்கு மேற்கே போக வேண்டும். ஆனால் மாமா முதலில் கிழக்கே பெரம்பலூருக்கு வண்டியைத் திருப்பினார். தைக்கப் போகிறவரைக் கேட்காமல் துணி எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

குஷன் கடை பாய் டிராக்டர் சீட்டுக்கு ரெக்சின் இழுத்துக்கொண்டிருந்தார். பல்லுக்கிடையில் நாலைந்து ஆணி. வண்டியில் கொண்டுபோயிருந்த சோபா மெத்தை ஒன்றை வாங்கி, உறையின் அடித்தையலைப் பிரித்தார். வெல்வெட்டில் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்த கறை, உள்ளே ஃபோமில் தாம்பாள அளவுக்கு விரிந்திருந்தது. ஓரத்தில் மழைநீர் வற்றிய குட்டைபோல வட்ட வட்டமாகப் பழுப்புக் கோடுகள்.

"துணியில பட்டது கண்ணுக்குத் தெரியும். ஃபோமுல பட்டது மூக்குக்குத்தான் தெரியும்" என்று முகர்ந்துபார்க்க நீட்டினார். மாமா நகர்ந்துகொண்டார்.

சோபாவுக்கு ஈரம் இரண்டு வழியாக வருகிறது என்று பாய் விளக்கினார். மேலிருந்து கொட்டுவது ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் சுவரிலிருந்து ஏறுவது இன்னொன்று. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் முதுகுப்பக்கம் பூசணம் பூக்கும். ஒரு சாண் தள்ளிப் போட்டுக் காற்று போக விட்டாலே பாதி வியாதி தீரும். உரிந்துபோன கைப்பிடியைப் பற்றிக் கேட்டேன்.

"இது பி.யூ. தோலு மாதிரி மெத்துனு இருக்கும். மூணு நாலு வருஷத்துல உரியும். நம்ம வெக்கைக்கு இன்னும் சீக்கிரம்."

பி.யூ. என்பது பாலியூரித்தேன். காற்றிலிருக்கும் ஈரமும் வெக்கையும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். தண்ணீர் ஊற்றினால் வழிந்தோடும் துணி, தண்ணீரின் ஆவிக்குத் தோற்றுப்போகிறது. டிராக்டர் சீட்டில் பாய் இழுத்துக்கொண்டிருந்த பழைய ரெக்சின் பி.வி.சி. அது உரியாது. ஆனால் மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பசை வருஷக்கணக்கில் வெளியேற, விறைத்து வெடிக்கும். சித்திரை மாதத்தில் உட்கார்ந்து எழுந்தால் முதுகு ஒட்டிக்கொண்டு வரும்.

"சரி, யாரு உக்காருறது அதுல?" என்று கேட்டார் பாய்.

மாமா விரல் விட்டார். தான், அக்கா, பிள்ளைகள் ரெண்டு பேர், வந்தவங்க போனவங்க. பாய் தலையாட்டிக்கொண்டு மூன்று சோதனை சொல்லிக்கொடுத்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். இழைக்கு இழை வெளிச்சம் தெரிந்தால் காபியும் உள்ளே போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நூறு எண்ணும்வரை பார். கடைசியாக, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பத்துத் தடவை அழுத்தித் தேய். கைக்குட்டை நிறம் மாறினால் வேட்டியும் மாறும்.

வரும் வழியில் ஓர் அரசு அலுவலகத்தில் மாமாவுக்குச் சின்ன வேலை. அதிகாரி வரவில்லை, நாற்காலி மட்டும் இருந்தது. அதன் முதுகில் வெள்ளை டர்கி டவல். தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்: டவல் இருந்தால் அதிகாரி நாற்காலி, இல்லாவிட்டால் குமாஸ்தா நாற்காலி. அது அந்தஸ்தின் அடையாளமாவதற்கு முன் எண்ணெய்த் தலைக்கும் வியர்வைக்கும் போட்ட துண்டாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் பூசித் தலை வாரினார்கள். சாய்ந்த நாற்காலியெல்லாம் பிசுக்கு. வீட்டுப் பெண்கள் நாற்காலி முதுகில் பின்னல் துணி போட்டார்கள். அதற்கு வைத்த பெயரே ஆன்டி-மக்காசர். அக்கா போட்டிருந்த ஈரிழைத் துண்டுக்கும் ராணி விக்டோரியா காலத்து வரவேற்பறைக்கும் தூரம் அதிகமில்லை.

துறையூர், முசிறி

திரும்பவும் குரும்பலூர் வழியாகவே மேற்கே. வலப்பக்கம் பச்சைமலை புரட்டாசி மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. உழுது போட்ட கரிசலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பருத்தி ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மாமா வண்டியை நிறுத்தி, தெரிந்தவர் ஒருவரிடம் மழையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்.

பருத்தி விளையும் ஊரிலிருந்து கிளம்பி, பருத்தி இல்லாத துணியைத் தேடிப் போகிறோமோ என்று எனக்குத் தோன்றியது. துணி வியாபாரத்தில் ஒரு கணக்கு உண்டு. நூறு கிராம் உலர்ந்த பருத்தி, சும்மா காற்றில் கிடந்தாலே சுமார் எட்டரை கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் 0.4 கிராம். பாலிபுரொப்பிலீன் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பாலிபுரொப்பிலீன் என்றால் ஏதோ புதிதில்லை. குட்டியானையின் பின்பக்கம் சுருண்டு கிடக்கும் சாக்குகள் அந்த ஜாதிதான். அதையே மெல்லிய நூலாக்கி, நிறம் கொடுத்து நெய்தால் வெளிநாட்டு சோபா துணி.

உறிஞ்சாத நூலில் காபி ஏறாது, துடைத்தால் போய்விடும். ஆனால் வியர்வையும் ஏறாது. பருத்திச் சட்டை நமக்குச் சுகமாக இருப்பதும், பருத்தி சோபாவில் கறை நிலைப்பதும் ஒரே குணத்தால்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் தண்ணீருக்குத்தான் பகை, எண்ணெய்க்குச் சொந்தக்காரன். மாமாவின் நல்லெண்ணெய் அதில் இன்னும் விரும்பிக் குடியேறும்.

துறையூரில் டீ, பெருமாள் மலைக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு. அப்புறம் முசிறி வரை மண் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது. காவிரி நெருங்க நெருங்க வாழை. வாழைக்கு நடுவில் ஆள் உயரக் கோரை. சாலையோரம் அறுத்துக் கிழித்த கோரையை விசிறி விசிறியாக வெயிலில் பரப்பியிருந்தார் ஒரு பெரியவர். ஒரு தாளை எடுத்துக் கையில் கொடுத்தார். வெளித்தோல் நகத்தால் கீறினாலும் வழுக்கியது.

"தண்ணியில நிக்கிற பயிருங்க. தண்ணிக்குப் பயந்தா ஆவுமா?" என்றார். பாயில் காபி கொட்டினால் என்ன செய்வது என்று மாமா கேட்டார். பெரியவருக்குக் கேள்வியே புரியவில்லை. "தொடச்சிட்டு நிமித்தி வைக்க வேண்டியதுதானுங்களே?"

நிமிர்த்தி வைப்பது. சோபாவைப் பற்றி யாரும் சொல்லாத வாக்கியம் அது.

மத்தியானம் ஆற்றங்கரைக் கடை ஒன்றில் சாப்பாடு. நுனி இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். பாதரச உருண்டைகளாக உருண்டது; ஒரு தட்டுத் தட்டினேன், இலை துடைத்தாற்போல் ஆனது. பருப்புக்கு நெய் விட்டார்கள். விளிம்பில் சிந்திய ஒரு சொட்டு நெய் உருளவில்லை. பரந்து, ஒட்டி, பளபளத்து அங்கேயே நின்றது. விரலால் வழித்தும் மினுக்கம் போகவில்லை.

கரூரில் கேட்கப் போகும் பாடத்தின் பாதியை அந்த இலை சொல்லிவிட்டது. இலையின் மேலிருப்பது மெழுகுப் படலம். தண்ணீர்த் துளி தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பலம் அதிகம். மெழுகைக் கண்டால் சுருண்டு உருண்டுவிடும். எண்ணெய்க்கு அந்தப் பலம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான், எதிலும் பரவிவிடும். தாமரை இலை இன்னும் ஒரு படி மேல். மெழுகோடு நுண்ணிய மேடுகளும் அதில் உண்டு; உருளும் துளி தூசியையும் பொறுக்கிக்கொண்டு போகும். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் அவர் சகா நைன்ஹூயிஸும் 1997-இல் அதை விளக்கிக் கட்டுரை எழுதிய பிறகு, உலகம் 'தாமரை விளைவு' என்று பெயர் வைத்துத் துணிக்கும் சுவருக்கும் பூசக் கிளம்பியது. நாம் பழமொழியோடு நிறுத்திக்கொண்டோம்.

கரூர்

கரூர் என்றால் பஸ் பாடி, கொசுவலை, வீட்டுத் துணி. மேசை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு என்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறும். கப்பலேறாமல் மிஞ்சியது கடைத்தெருவில் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

நாங்கள் நுழைந்த கடையில் துணி உருளைகள் விட்டம்வரை. கடைக்காரம்மா எங்கள் மெத்தை உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதைப் போயி சோபாக்குப் போட்டாங்களா? பார்க்கத்தானுங்க இது, உக்காரதுக்கில்லீங்க" என்றார். வெல்வெட் மாதிரி இழை நிமிர்ந்து நிற்கும் எந்தத் துணியிலும் தூசியும் எண்ணெயும் வேரோடி நிற்கும். தட்டையான, நெருக்க நெசவு வேண்டும். ஒற்றை நிறமாக இல்லாமல் இரண்டு மூன்று நூல் கலந்த புழுதி நிறமாக இருந்தால், பட்டதும் தெரியாது. "பாதிக் கறை கண்ணுலதானுங்க இருக்குது."

பாயின் மூன்று சோதனையைத் தொடங்கினோம். முதல் துணியில் தண்ணீர் மணியாக நின்றது. மாமாவுக்கு முகம் மலர்ந்தது. அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் தன் தலையில் விரலை ஓட்டி, அதே துணியில் தேய்த்தார். எண்ணெய்த் தடம் இறங்கிவிட்டது. "தண்ணி நிக்குமுங்க. எண்ணெய் நிக்காது. இது சிலிக்கான் பினிஷிங்." வாழை இலையும் நெய்யும்.

அடுத்த உருளையை இழுத்தார். தண்ணீர் நின்றது, எண்ணெயும் மணியாக நின்றது. மாமா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "டெப்லான் கோட்டிங்குங்க. பழைய ஸ்டாக். இப்ப வெளிநாட்டுக்காரங்க இது வேண்டாங்கறாங்க. ப்ளோரின் இல்லாததுதான் கேக்கறாங்க."

ஏன் வேண்டாம் என்பதற்கு எழுபது வருஷக் கதை இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வகத்தில் ஓர் உதவியாளரின் கேன்வாஸ் காலணியில் ஃபுளோரின் கலந்த ரப்பர் திரவம் சிந்தியது. தண்ணீரில் போகவில்லை, சோப்பில் போகவில்லை, கரைப்பானிலும் போகவில்லை. நாளாக நாளாகக் காலணி முழுக்க அழுக்கேற, சிந்திய இடம் மட்டும் புதிதாகவே இருந்தது. அதைக் கவனித்தவர் பாட்ஸி ஷெர்மன் என்ற இளம் வேதியியலாளர். சாமுவேல் ஸ்மித்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஸ்காட்ச்கார்ட் 1956-இல் சந்தைக்கு வந்தது. உலகத்து சோபாக்கள் எல்லாம் தாமரை இலையாயின.

கார்பனும் ஃபுளோரினும் பிடித்த பிடி, வேதியியலில் மிக இறுக்கமான பிடிகளில் ஒன்று. கறையைத் தள்ளுவதும் அதுதான். மட்காமல் இருப்பதும் அதுதான். துணியிலிருந்து உதிர்ந்தது மண்ணிலும் தண்ணீரிலும், கடைசியில் மனித ரத்தத்திலும் அகப்பட்டது. ஸ்காட்ச்கார்டில் இருந்த வேதிப்பொருள் குடும்பத்தை நிறுத்தப்போவதாக 3எம் 2000-இல் அறிவித்தது. அதில் முக்கியமான பி.எஃப்.ஓ.எஸ். 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. இந்த வகைப் பொருட்களை வேண்டுமென்றே சேர்த்த புதிய துணிகளை, சோபா துணி உட்பட, விற்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம். கலிபோர்னியா வேண்டாமென்றது கரூர்க் கடையில் பழைய ஸ்டாக்காக இறங்கி, எங்கள் முன் விரிந்து கிடந்தது.

"அதும் எத்தனை நாளைக்குங்க? துவைக்கத் துவைக்கப் போயிருமுங்க" என்றார் அந்தம்மா. சாயம் ஏற்றிய துணியை மருந்துத் தொட்டியில் முக்கி, உருளையில் பிழிந்து, ஸ்டென்டர் இயந்திரத்தில் 150, 160 டிகிரியில் சுட்டு எடுக்கிறார்கள். மேலே ஒட்டியது என்றைக்காவது உதிரும். பூச்சில்லாமல் பிறவியிலேயே தாங்குவதும் இருக்கிறது. நூலாக இழுக்கும்போதே உருகிய குழம்பில் நிறத்தைக் கலந்துவிட்ட அக்ரிலிக், பாலியெஸ்டர். செங்கல்லை உடைத்தாலும் உள்ளே சிவப்புதான். அதுபோல் வெயிலிலும் பிளீச்சிலும் நிறம் போகாது. விலை கேட்டு மாமா உருளையை மெதுவாக அவரிடமே தள்ளிவிட்டார்.

ஏற்றுமதித் துணி ஒன்றின் ஓரத்தில் சின்னச் சீட்டு. ஆங்கில டபிள்யூ இருந்தால் தண்ணீர் விட்டுத் துடைக்கலாம். எஸ் இருந்தால் கரைப்பான் மட்டும், தண்ணீர் பட்டாலே தடம் விழும். இரண்டும் இருந்தால் இரண்டும் ஆகும். எக்ஸ் என்றால் எதுவும் ஆகாது, தூசி உறிஞ்சுவதோடு சரி. இன்னொரு சீட்டில் 15,000 என்று இருந்தது. இயந்திரம் துணியை முன்னும் பின்னும் அத்தனை தடவை தேய்த்தும் இழை தாங்கியது என்று கணக்கு. வீட்டுக்கு அது தாராளம். அக்கா வீட்டு சந்தன வெல்வெட்டில் எந்தச் சீட்டும் இருந்ததாக ஞாபகமில்லை.

சாயங்காலம் தெருமுனையில் கரம். பொரி, நொறுக்கல், பீட்ரூட் சீவல், மேலே சிவப்பும் பச்சையுமாகச் சட்னி. கடைக்காரம்மா கொடுத்த மாதிரித் துண்டுகளைத் தள்ளுவண்டி ஓரத்தில் வரிசையாக விரித்து, மாமா ஒவ்வொன்றிலும் சட்னி சொட்டவிட்டார். கரக்காரர் முறைத்தார். "சோபாங்க" என்று விளக்கம் சொன்னார் மாமா. பாலியெஸ்டர் நெருக்க நெசவில் பச்சைச் சட்னி துடைத்ததும் போனது; சிவப்பின் எண்ணெய் மட்டும் நிழலாக நின்றது. கெட்டிப் பருத்தி கேன்வாஸ் இரண்டையும் குடித்துவிட்டது.

ஒரத்துப்பாளையம்

மறுநாள் காங்கேயம் பக்கமாகப் போய், நொய்யலுக்கு வந்தோம். ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டியது. மேலே திருப்பூர். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றோடு வந்து தேங்கி, பாசனம் செய்தால் பயிர் கருகும் நீராயிற்று. வழக்கு, ஆணை, அபராதம் என்று வருஷங்கள் ஓடின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாதபடி சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது.

நாங்கள் போனபோது தண்ணீர் குறைவு. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் மாமா விவசாயம் கேட்டார். அவர் ஆற்றைப் பார்க்காமலே பேசினார். அந்தக் காலத்தில் கிணற்று நீர் மட்டத்தைப் பார்த்துத் திருப்பூரில் வேலை மும்முரமா என்று சொல்வார்களா என்று நான் கேட்டேன். "மட்டத்தைப் பார்த்தில்லீங்க. நெறத்தைப் பார்த்து" என்றார்.

மாமா பையிலிருந்த எண்ணெய் ஒட்டாத துணி மாதிரியை எடுத்துப் பார்த்தார். நொய்யலில் வந்தது சாயம், இது வேறு மருந்து. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச முடியாது. இருந்தும் அவர் அதைத் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை. வண்டியின் கண்ணாடி துடைக்கும் துணியோடு போட்டுவிட்டார்.

சென்னிமலை

முருகன் மலைமேல்; கீழே தறி. சென்னிமலைப் பெட்ஷீட் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சீர்ப்பொருள். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஓடம் போய்வர, தொடைமேல் விரிப்பு விரலளவு விரலளவாக வளர்ந்தது. கையில் வாங்கினால் மடியில் பூனைபோல் கனம்.

மாமா தன் கதையை முழுக்கச் சொன்னார். வெல்வெட், மஞ்சள், கரூர், டெப்லான். அந்தம்மா தறியை நிறுத்தவில்லை.

"அது கழட்ட வருமுங்களா?"

"எது?"

"சோபாத் துணி."

வராது. சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருக்கிறது. மெத்தையும் அடித்தையல் போட்டுத் தைத்தது.

"அப்பறம் எப்படீங்க தொவைப்பீங்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜமுக்காளத்தை உதறினோம், பாயைத் துடைத்தோம், போர்வையைத் துவைத்தோம், நாற்காலித் துண்டை வாரத்துக்கொரு தரம் மாற்றினோம். நம் வீடுகளில் உட்காரவும் படுக்கவும் இருந்த எல்லாவற்றுக்கும் கறை பட்டது. எல்லாவற்றையும் கொடியில் போட முடிந்தது. சோபாவில்தான் துணியை மரத்தோடு கட்டிப்போட்டோம். கட்டிப்போட்டதால்தான் அதற்குக் கறையே படக்கூடாது என்று ஆயிற்று. இரண்டு நாளாகக் கறை ஒட்டாத துணியைத் தேடியிருக்கிறோம், கழல்கிற துணியை விட்டுவிட்டு.

"யாரு உக்காருறது?" என்று பாய் கேட்டபோது மாமா விட்ட விரல்களை அப்போதுதான் மனதில் எண்ணிப் பார்த்தேன். மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஓடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கெட்டி விரிப்பு இரண்டும், துண்டு ஆறும் எடுத்தார்.

மறுபடி குரும்பலூர்

வந்த வழியில் கரூரில் நின்று துணி வாங்கினோம். சட்டத்துக்கும் முதுகுக்கும், அதாவது கழற்ற முடியாத இடத்துக்கு, பாலியெஸ்டர் நெருக்க நெசவு, கரிசலும் செம்மண்ணும் கலந்த மாதிரி நிறம், துடைத்தால் போதும். உட்காரும் மெத்தைகளுக்குக் கெட்டிப் பருத்தி கேன்வாஸ், மூன்று பக்கமும் ஜிப் வைத்து. ஒரு ஜோடி கூடுதலாக. வெட்டுவதற்கு முன் பருத்தியை ஒரு ராத்திரி ஊறவைத்து உலர்த்தச் சொன்னார் பாய். சுருங்குகிறதெல்லாம் முதலிலேயே சுருங்கிவிடட்டும் என்று. ஃபோமுக்கு மட்டும் தண்ணீர் இறங்காத மெல்லிய உள்ளுறை, அடிப்பக்கம் காற்றுக்கு வழி விட்டு. கைப்பிடியில் பி.யூ.வை உரித்துவிட்டு மரத்தையே விட்டுவிட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். புரட்டாசியில் ஊன்றிய காடெல்லாம் பருத்தி வெடித்து வெள்ளையாக நின்றது. அக்கா வீட்டு வாசல் கொடியில் மெத்தை உறை ஒன்று தொங்கியது. நடுவில் மஞ்சள் திட்டு.

"என்னக்கா?"

"மஞ்சக்கொத்தைத் தூக்கிட்டு வந்து அது மேலயே வச்சிட்டான் சின்னவன். சோப்புப் போடலடா. பச்சத்தண்ணியில அலசி வெயில்ல போட்டிருக்கேன். மூணு நாளாச்சு, பாதி போயிருச்சு."

போகும். குர்குமின் காரத்தில் சிவக்கிற மாதிரியே வெயிலில் வெளுக்கும். வெயிலுக்குப் பெரம்பலூரில் பஞ்சமில்லை.

கூடத்தில் மாற்று உறை போட்ட மெத்தையில் அப்பாயி உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் பதிந்து, முதுகு சாய்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் வெற்றிலைப் பெட்டி. தலைமாட்டில் சென்னிமலைத் துண்டு. சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் மரக் கைப்பிடியில் கை ஊன்றி ஒரே மூச்சில் எழுந்தாள். விரலில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கைப்பிடியின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், நைசாகத் தடவிவிட்டு வந்தாள்.